‘ஆமிர்’ படத்தை ஒரு ஸ்டாரை வைத்து எடுத்திருக்க முடியுமா?

கேள்வி இதுதான்: “2008-இல் வந்த ‘ஆமிர்’ என்ற இந்திப் படத்தை இப்போதுதான் பார்த்தேன். ஹீரோ யாரென்றே தெரியவில்லை. குறைந்த செலவில் எடுத்த படம் என்கிறார்கள். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு பெரிய நடிகர் இருந்திருந்தால் எங்கேயோ போயிருக்கும் இல்லையா? அப்புறம், இது ஒரு வெளிநாட்டுப் படத்தின் காப்பி என்கிறார்களே, உண்மையா?”

பார்த்தால் இரண்டு மூன்று கேள்விகள் மாதிரித் தெரிகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: பணமும் பெயருள்ள முகமும் இல்லாதது இந்தப் படத்துக்குக் குறையா, பலமா? பலம் என்பதுதான் என் பதில். அதுவும் “குறை இருந்தும் சமாளித்துவிட்டார்கள்” என்ற அர்த்தத்தில் அல்ல. அந்தக் குறை இல்லாவிட்டால் இந்தப் படமே இல்லை என்ற அர்த்தத்தில். நான் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் எடிட்டிங் படித்துவிட்டு, பெரும்பாலும் சின்னப் படங்களுக்கே வேலை செய்துவருகிறவன். ஆமிர் யூனிட்டில் நான் இல்லை. அதனால் திரையில் தெரிகிற விஷயம் எது, தொழில் தெரிந்தவனாக நான் ஊகிப்பது எது என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன். படம் பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் முடிவைத் தொடப் போவதில்லை.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. ராஜ்குமார் குப்தாவுக்கு இது முதல் படம். 2008 ஜூன் 6 அன்று வெளிவந்தது. யூடிவி நிறுவனம் சிறிய படங்களுக்கென்று வைத்திருந்த ‘ஸ்பாட்பாய்’ பேனரில் தயாரானது. கதை ஒரே நாளில் நடக்கிறது. லண்டனிலிருந்து மும்பைக்குத் திரும்பும் ஆமிர் அலி என்ற டாக்டர், விமான நிலையத்தில் பெயரின் காரணமாகவே துருவித் துருவிச் சோதிக்கப்படுகிறார். வெளியே வந்தால் குடும்பத்தைக் காணோம். யாரோ ஒருவன் ஒரு செல்போனை அவரிடம் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறான். போனில் ஒரு குரல். குடும்பம் எங்கள் கையில், சொன்னதைச் செய் என்கிறது. அப்புறம் சந்து, லாட்ஜ், சாப்பாட்டுக் கடை என்று நகரம் முழுக்க அலைச்சல். கைக்கு ஒரு சிவப்புப் பெட்டி வந்து சேர்கிறது. மொத்தம் சுமார் 100 நிமிடம். அந்தக் குரல் கஜராஜ் ராவுடையது. இன்று ‘பதாயி ஹோ’ படத்தின் அப்பாவாக எல்லோருக்கும் தெரிந்தவர். அன்று அவரையும் அதிகம் பேருக்குத் தெரியாது.

ஹீரோ ராஜீவ் கண்டேல்வால். “யாரென்றே தெரியவில்லை” என்பது உங்களுக்கும் எனக்கும் பொருந்தும். ஆனால் 2003-இல் ஸ்டார் பிளஸில் தொடங்கிய ‘கஹீன் தோ ஹோகா’ சீரியலைப் பார்த்த வட இந்திய வீடுகளில் அவர் பெரிய பெயர். சுஜல் என்ற அந்தப் பாத்திரத்துக்காக டிவியை விட்டு நகராத கூட்டமே இருந்தது. ஆகவே சினிமாவுக்குப் புதுமுகம், டிவிக்கு ஸ்டார் என்பதே சரி. இந்த வித்தியாசம் முக்கியம். புத்தம் புதிய ஆள் கேமரா முன்னால் தடுமாறுவார். பல வருஷம் சீரியலில் நடித்தவர், நாளைக்கு இத்தனை சீன் முடிக்க வேண்டும் என்ற கெடுபிடியில் தேறி வந்தவர். எதிரே ஆள் இல்லாமல் வெறும் போனைப் பார்த்து நடிக்கச் சொன்னாலும் கால் மணி நேரத்தில் தயாராகிவிடுவார். இது என் ஊகம்தான். ஆனால் படத்தைப் பார்க்கும்போது அவர் தயங்கிய ஷாட் என்று ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிஜத் தெருவில், துணை நடிகர்களை நிறுத்தாமல், ஓடுகிற கூட்டத்துக்குள் படம் எடுத்தால் எடிட்டிங் மேஜையில் வந்து விழும் முதல் தலைவலி எது தெரியுமா? பார்வை. பழ வண்டிக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு லென்ஸையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி வரிசையில் ஒரு பையன் கை ஆட்டுவான். ஹீரோ அழுதுகொண்டே நடந்து வருவார்; பின்னால் இரண்டு பேர் நின்று திரும்பி, ஒருவரை ஒருவர் இடித்துச் சிரிப்பார்கள். நல்ல நடிப்பு இருக்கிற டேக்கையெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகவே தூக்கி எறிய வேண்டி வரும். பணம் இருக்கிற கம்பெனி தெருவை அடைத்து, ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளைக் கொண்டுவந்து நிரப்புவதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான். தெருவில் நடக்கிறவனைத் தெருவில் நடக்கிறவன் மாதிரி நடக்க வைக்கத்தான் அவ்வளவு செலவு.

ஆமிரில் இந்தத் தலைவலி எப்படித் தீர்கிறது என்று பாருங்கள். கதைப்படி அந்தக் குரலுக்கு ஊரெல்லாம் ஆள். ஆமிர் எங்கே நிற்கிறார், யாரிடம் பேசினார் என்பதெல்லாம் உடனுக்குடன் போனில் வருகிறது. அதாவது தெருவில் இருக்கிற எவன் வேண்டுமானாலும் அவர்களுடைய ஆளாக இருக்கலாம். இப்போது ஒரு டீக்கடைக்காரர் கேமராவை முறைத்துப் பார்த்தால் அது கெட்டுப்போன ஷாட் அல்ல. ஆமிரின் முகத்துக்கு ஒரு குளோஸப், அடுத்து முறைக்கிற அந்த ஆள், மறுபடி ஆமிர். அவ்வளவுதான், பயம் வந்துவிட்டது. உணர்ச்சியே இல்லாத ஒரு முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பசியாகவும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துக்கமாகவும் தெரியும் என்று ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் நூறு வருஷத்துக்கு முன்பே செய்து காட்டினாரே, அதன் பஜார் வடிவம் இது. அந்தக் கடைக்காரர் எதற்காகப் பார்த்தாரோ, நமக்குத் தெரியாது. நமக்கு அது உளவு பார்ப்பதாகவே தெரிகிறது. வேறு படத்தில் வெட்டி எறிய வேண்டிய துண்டுகள் இந்தப் படத்துக்கு முதல் தரச் சரக்கு.

இந்த இடத்தில் ஒரு பெரிய ஹீரோவைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். படம் எடுத்த மும்பையின் டோங்கிரி, பெண்டி பஜார் பக்கத்துச் சந்துகளில் இப்போதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்புதான் இருக்கும். அந்தச் சிரிப்பை எந்த எடிட்டராலும் மிரட்டலாக மாற்ற முடியாது. போலீஸ் பந்தோபஸ்தோடு தெருவை அடைத்து, பார்ப்பதற்கென்றே ஆட்களை நியமித்து எடுக்கலாம். எடுத்தால் அது நடிகர்கள் பார்க்கிற பார்வையாக இருக்கும். இயக்குநர் சொன்னதற்காகப் பார்ப்பவன் கொஞ்சம் அதிகமாகப் பார்ப்பான், சரியான நேரத்தில் பார்வையை விலக்குவான். வழிப்போக்கர் அப்படியில்லை, பாதி பார்த்துவிட்டு, சலித்துப்போய்த் திரும்பிக்கொள்வார். அந்தச் சலிப்புதான் பயமுறுத்துகிறது. ஆகவே தலைப்பில் இருக்கும் கேள்விக்கு என் நேரடி பதில்: முடியாது. எடுத்திருந்தால் வேறொரு படம் வந்திருக்கும்.

படத்தில் மறைத்து வைத்த கேமராக்களும் பயன்பட்டன. எது மறைத்து எடுத்தது, எது ஏற்பாடு செய்து எடுத்தது என்று வெறுமே பார்த்து யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நானும் சொல்லப் போவதில்லை. கேமரா யாருடையது என்பது மட்டும் எனக்கு மிகவும் பிடித்த தகவல்: அல்போன்ஸ் ராய். நம் சென்னைத் திரைப்படக் கல்லூரிக்காரர். காட்டு விலங்குகளைப் பற்றிய ஆவணப்படங்களில் பெயர் எடுத்தவர். புலியிடம் “சார், ஒன் மோர்” என்று கேட்க முடியாது. வெளிச்சம் இருக்கிறபடிதான் இருக்கும். தன் வாசனையைக்கூடக் காட்டாமல் தள்ளி உட்கார்ந்து, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். தப்பி ஓடுகிற ஒன்றை ஃபோகஸ் விடாமல் பின்தொடர வேண்டும். இந்தப் பழக்கமுள்ள ஒருவரைப் பெண்டி பஜாரில் இறக்கிவிட்டது எவ்வளவு சரியான தேர்வு! கூட்டத்துக்கு நடுவே ஆமிர் தெரிந்தும் மறைந்தும் வருகிற நீண்ட ஷாட்களை அடுத்த முறை கவனியுங்கள். குறுக்கே வருகிற தோள்களையும் வண்டிகளையும் பற்றிக் கேமரா கவலைப்படுவதே இல்லை. சினிமாவை மட்டும் செய்து பழகிய கை, அவற்றைத் தவிர்க்கப் பார்த்திருக்கும்.

செல்போன் விஷயமும் அப்படித்தான். குறைந்த செலவுத் த்ரில்லர்களில் ஏன் இத்தனை போன் வருகிறது என்று பலர் கேட்பார்கள். பாதி காரணம் கால்ஷீட். இரண்டு நடிகர்கள் ஒரே ஃப்ரேமில் பேச வேண்டுமானால் இருவரின் தேதியும் ஒத்துவர வேண்டும். போனில் பேசினால் ஒருவரை டோங்கிரியில் எடுத்துவிட்டு, மற்றவரை ஒரு அறைக்குள் வைத்து வேறு நாளில் எடுத்துக்கொள்ளலாம். மீதிக் காரணம் எடிட்டிங்கில் இருக்கிறது. எதிராளியின் வாய் தெரியாத காட்சியில் அவர் வசனத்தை நீட்டலாம், சுருக்கலாம், அடியோடு மாற்றலாம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருக்கிற மௌனத்தை நாங்களே முடிவு செய்யலாம். நேருக்கு நேர் நடிக்கும் காட்சியில் நடிகர் விட்ட இடைவெளிதான் இடைவெளி; போன் காட்சியில் இரண்டு விநாடியை ஆறாக்கலாம். ஆமிர் “ஹலோ… ஹலோ…” என்று தவிக்கும் இடங்களில் அந்தப் பக்கத்து மௌனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எடிட்டர் ஆர்த்தி பஜாஜ். மும்பைத் தொடர் குண்டுவெடிப்பைப் பற்றிய ‘பிளாக் ஃப்ரைடே’ அவர் செய்ததுதான். பெரிய கூட்டமும் பதற்றமும் அவருக்குப் புதிதல்ல.

இதற்கு விலையும் உண்டு. குரல்காரர் பேசிக்கொண்டே இருக்கிறார். சமூகம், துரோகம், கடமை என்று பிரசங்கம் நீளும் இடங்களில் படம் தொய்கிறது. போன் வசனத்தைப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்ற வசதியே எழுதுகிறவரைக் கெடுத்துவிடும். கஜராஜ் ராவ் என்பதால் தாங்கிக்கொள்கிறோம்.

சத்தத்திலும் இசையிலும் கஞ்சத்தனம் தெரியவில்லை. சின்னப் படம் சின்னப் படமாகக் காட்டிக்கொடுத்துக்கொள்வது பெரும்பாலும் காதில்தான். படம் கொஞ்சம் நடுங்கினால் ரசிகர் மன்னிப்பார். கடைத்தெருக் காட்சியில் அறைக்குள் பேசின டப்பிங் குரல் ஒட்டாமல் நின்றால் மன்னிக்க மாட்டார். இசை அமித் திரிவேதி. அவருக்கு ‘தேவ்.டி’ படத்தின் வேலைதான் முதலில் கிடைத்தது. ஆனால் முதலில் வெளிவந்தது ஆமிர். பாடல்களை எழுதிய அமிதாப் பட்டாச்சார்யாவுக்கும் பாடலாசிரியராக இதுவே தொடக்கம். இங்கே யாரும் நின்று வாயசைத்துப் பாடுவதில்லை. அலைகிற காட்சிகளுக்கு மேலேயே பாட்டு ஓடுகிறது. பாட்டுக்கென்று தனி ஷூட்டிங் நாள், டான்ஸர்கள், லொக்கேஷன் எதுவும் கிடையாது. அன்றைய இந்திப் படக் கணக்கில் இது எவ்வளவு பெரிய மிச்சம் என்பது தயாரிப்பு நிர்வாகிகளுக்குத் தெரியும்.

சரி, மொத்தம் எவ்வளவு செலவானது? இணையத்தில் ஒரு தொகை சுற்றுகிறது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்திப் படங்களின் பட்ஜெட் என்று வெளியே சொல்லப்படுவதில் படம் எடுத்த செலவு மட்டுமா, பிரிண்டும் விளம்பரமும் சேர்ந்ததா என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. சின்னப் படத்தில் விளம்பரச் செலவு எடுத்த செலவைத் தாண்டிவிடுவதும் உண்டு. திரையை வைத்து நான் சொல்லக்கூடியது, பணம் எங்கே போகவில்லை என்பதைத்தான்: ஹீரோ சம்பளம், செட், பாட்டு, கூட்டம். நிஜத்தில் பணத்தைத் தின்னுவது கேமரா வாடகை அல்ல, நாட்கள். ஒரு நாள் அதிகமானால் மொத்த யூனிட்டுக்கும் பேட்டா, சாப்பாடு, வண்டி, ஜெனரேட்டர். ஒரே நாளில் இரண்டு லொக்கேஷன் மாற்றினால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். ஆமிர் மாதிரி ஊரைச் சுற்றுகிற கதை அந்த வகையில் அபாயமானது. கூட்டத்தில் கரையக்கூடிய சின்ன யூனிட்டாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்கு நடந்தே போய்விடலாம். கேரவன் நிறுத்த வேண்டிய நடிகர் இருந்தால் இது நடக்காது.

“பெரிய நடிகர் வேண்டாம்” என்பதை ஒரு விதியாக நான் சொல்லவில்லை. அதே 2008 செப்டம்பரில், அதே யூடிவியிலிருந்து ‘எ வெட்னஸ்டே’ வந்தது. அதுவும் போன், மிரட்டல், ஒரே நாள். ஆனால் மிரட்டுபவர் நசீருதீன் ஷா. அவர் ஒரு கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்து பேசுகிறார். தெருவில் கலக்க வேண்டியதில்லை. அந்த முகத்தின் மேல் நமக்கு ஏற்கெனவே இருக்கும் மரியாதையே பாத்திரத்துக்கு வேலை செய்கிறது. 2007-இல் ஸ்ரீராம் ராகவன் ‘ஜானி கத்தார்’ எடுத்தபோது தர்மேந்திரா மாதிரித் தெரிந்த முகங்களைச் சுற்றி வைத்து, நடுவில் நீல் நிதின் முகேஷ் என்ற புதுமுகத்தைப் போட்டார். அந்தப் பையன் எவ்வளவு தூரம் போவான் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது என்பதுதான் அங்கே லாபம். ஆமிரிலும் இந்த இரண்டாவது லாபம் இருக்கிறது. ஸ்டார் என்றால் இடைவேளைக்குள் ஒரு முறையாவது திருப்பி அடிப்பார் என்று காத்திருப்போம். ராஜீவிடம் அப்படி எதையும் எதிர்பார்க்க வழியில்லை. கோட்டும் வியர்வையுமாக ஓடுகிற இந்த ஆளுக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

என்னை உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மேலே நான் புகழ்ந்த அதே உத்திக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கேமராவைப் பார்த்த அந்த டீக்கடைக்காரர், அந்த வண்டிக்காரர் எல்லாம் உண்மையான மனிதர்கள். ஏழை முஸ்லிம்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு பகுதியில் தங்கள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் சும்மா திரும்பிப் பார்த்ததை வைத்து, ஒரு பேட்டையே சதிக்கு உடந்தை என்ற எண்ணத்தைப் படம் நமக்குள் ஏற்றிவிடுகிறது. படம் விமான நிலையத்தில் கண்டிப்பதும் இதைத்தானே: பெயரையும் தோற்றத்தையும் வைத்துச் சந்தேகப்படுவது. முதல் காட்சியில் அதிகாரி செய்வதை அடுத்த ஒரு மணி நேரம் கேமராவே செய்கிறது. ஹீரோவும் முஸ்லிம்தான், அந்தக் குரலின் வாதத்தை அவர் ஏற்பதில்லை என்பதால் படம் தப்பித்துவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. எடிட்டராக அந்தக் கட்களை ரசிக்கிறேன், பார்வையாளனாக நெளிகிறேன். இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

காப்பி விவகாரம். ‘கேவிட்டே’ என்ற படம் 2005-இல் வந்தது. நீல் டெலா லானா, இயன் கமாசோன் என்ற பிலிப்பைன்ஸ் வம்சாவளி அமெரிக்கர்கள் இருவர் சேர்ந்து எடுத்தது. அமெரிக்காவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குத் திரும்பும் ஒருவன், பையில் ஒரு செல்போன், கடத்தப்பட்ட அம்மாவும் தங்கையும், போனில் குரல், சேரி வழியாக அலைச்சல். ஒற்றுமை தற்செயல் என்று சொல்லிவிடும் அளவுக்குச் சின்னதல்ல. இரண்டையும் பார்த்த யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் “திருட்டு” என்ற சொல்லுக்குப் போக நான் தயங்குகிறேன். நான் வக்கீல் இல்லை. எங்கள் தொழிலில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. விமான நிலையச் சோதனை, மும்பையின் அரசியல், அந்தக் குரலின் வாதங்கள் எல்லாம் இந்தப் படத்துக்குச் சொந்தமானவை. எலும்புக்கூடு அந்தப் படத்தை நினைவூட்டுகிறது. ஒரு நன்றி அட்டை போட்டிருந்தால் பேச்சே எழுந்திருக்காது என்பது என் கருத்து.

உங்கள் கேள்விக்கு கேவிட்டே இன்னொரு வகையில் நல்ல பதில். அங்கே கமாசோனே ஹீரோ, டெலா லானாவே கேமரா. ஆமிரை விடவும் எத்தனையோ மடங்கு எளிமையான ஏற்பாடு. முகம் தெரியாத ஒருவன், நிஜத் தெரு, ஒரு போன் என்பது அங்கேயும் வேலை செய்கிறது. அதே நேரத்தில், ஒழுங்கான ஒலியும் தேர்ந்த கேமராவும் நல்ல எடிட்டிங்கும் சேர்ந்தால் எவ்வளவு கூடுகிறது என்பது ஆமிரைப் பார்த்தால் தெரியும். ஆக, “பணமே வேண்டாம்” என்பதும் தப்பு; பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் வேறு.

ராஜீவ் கண்டேல்வால் இதற்குப் பிறகு ‘ஷைத்தான்’, ‘டேபிள் நம்பர் 21’ எல்லாம் செய்தார். பெரிய ஸ்டாராக ஆகவில்லை. ராஜ்குமார் குப்தா ‘நோ ஒன் கில்டு ஜெசிகா’, ‘ரெய்டு’ என்று பெரிய நடிகர்களிடம் போனார். அமித் திரிவேதியும் அமிதாப் பட்டாச்சார்யாவும் எவ்வளவு உயரத்துக்குப் போனார்கள் என்று சொல்லவே வேண்டாம். மறுபடி ஆமிர் பார்ப்பதாக இருந்தால், ராஜீவை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நடக்கிறவர்களை மட்டும் ஒரு இருபது நிமிடம் கவனித்துப் பாருங்கள். யாராவது கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்ட ஷாட் தப்பி உள்ளே வந்திருக்கிறதா என்று நான் தேடியிருக்கிறேன். உங்களுக்கு ஒன்று கிடைத்தால் நிமிடக் கணக்கோடு கீழே எழுதுங்கள்.